சிவப்பு எழுத்து வந்தால்

கும்மிடிப்பூண்டி
9 ஜனவரி 2024

ஷைனிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். உன் எண்ணை என் போனில் பிளாக் செய்திருப்பது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். போனில் பேசினால், "சரிக்கா, மீட்டிங் கீது" என்று பாதியில் வைத்துவிடுவாய். தாளை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸ் அன்று நடந்தது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. பிரியாணித் தட்டோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். உன் மாமியார் என்னிடம், "கம்பெனி போனப்புறம் இன்னாம்மா பண்ற?" என்று கேட்டார். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன், சாப்ட்வேர் இன்ஜினியர் ஆகப் போகிறேன் என்று உண்மையைச் சொன்னேன். உடனே நீ என்ன சொன்னாய்? "அக்கா சாப்ட்வேருக்கு வந்துட்டா, நாங்கல்லாம் சிப்காட்ல போய் ஒயர் கட்ட வேண்டியதுதான்." எல்லோரும் சிரித்தார்கள். உன் வீட்டுக்காரர் ஜோஷ்வா தம்பி கூடத் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்.

அந்த ஒயரைக் கட்டித்தான் உனக்கு இன்ஜினியரிங் பீஸ் கட்டினேன் ஷைனி.

அதோடு விட்டாயா? பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து, உங்கள் அபார்ட்மென்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள், வந்துவிடு, மரியாதையான வேலை என்றாய். எது மரியாதை என்று எனக்கு நீ சொல்கிறாய்.

நைனா போனபோது நீ ரெண்டாங் கிளாஸ். எனக்கு அந்த மாதம்தான் கம்ப்யூட்டர் டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருந்தது. போகவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். இப்போது கம்பெனி எங்கள் லைனை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டது. நாற்பத்தெட்டு வயதுக்காரியை சிப்காட்டில் எந்த கேட்டிலும் உள்ளே விடுவதில்லை. சரி, அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து இன்றைக்குத் தொடங்குகிறேன். யாரிடமும் கேட்காமல் நானே படிப்பேன். என் பெயருக்கு சாப்ட்வேர் இன்ஜினியர் என்று ஆர்டர் வரும்வரை உன்னோடு போனில் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. அதை மட்டும் எழுதச் சொன்னது.

சாராள்

*

ஹைதராபாத்
22 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கடைசியாகக் கையால் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில். விடுதியில் இருக்கும் தங்கைக்கு அறிவுரை கூறிக் கடிதம் எழுதுக என்று கேட்டிருந்தார்கள். தங்கை அக்காவுக்கு அறிவுரை சொல்வது பாடத்திலேயே இல்லை. அதனால் சொல்லவில்லை.

நான் சிரித்தது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் சிரித்துவிட்டு வண்டியில் ஹைதராபாத் வரும்வரை நான் தூங்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அக்கா, இங்கே டிகிரி முடித்த பிள்ளைகள் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறார்கள். முப்பத்தைந்து தாண்டினால் எங்களுக்கே உள்ளுக்குள் பயம். நீ உடைந்துபோவதை நான் பார்க்க வேண்டுமா? அந்த பயத்தில்தான் அந்த வேலையைச் சொன்னேன். கேவலப்படுத்த இல்லை.

இன்னொன்றையும் எழுதுகிறேன். போனாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். நீ எனக்காகக் கம்பெனி பஸ் ஏறியதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. மறக்க நீ விட்டதும் இல்லை. என் பூமுடிப்பில் சொன்னாய், கல்யாணத்தில் மைக் பிடித்துச் சொன்னாய், நான் புது வீடு பால் காய்ச்சியபோது பாஸ்டர் ஜெபத்துக்கு முன்னால் சொன்னாய். நான் எது வாங்கினாலும் அதில் உன் பெயர் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. எனக்கும் மூச்சு முட்டும் அக்கா.

நான் சொல்லித் தருகிறேன். வாரம் ஒரு மணி நேரம் போதும். பிளாக்கை எடு.

ஷைனி

*

கும்மிடிப்பூண்டி
18 மார்ச் 2024

ஷைனிக்கு,

மூச்சு முட்டுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே ரோலிங் மில் புகையில் வந்து நின்று பார், மூச்சு முட்டுவது என்றால் என்னவென்று தெரியும். சொல்லித் தருவதாகச் சொன்னதற்கு நன்றி. தேவையில்லை.

நான் எப்படிப் படிக்கிறேன் என்று அம்மா உனக்குப் போனில் கோள் மூட்டுவது தெரியும். நேற்றுகூட ஜன்னலோரம் நின்று, "பொட்டியாண்ட ஒக்காந்துகினு தனக்குத்தானே திட்டிக்கினே கீறாடி. பேஜாரா கீது. நாஷ்டா கூட துன்றதில்ல" என்று உன்னிடம் சொன்னது காதில் விழுந்தது. உண்மையை நானே எழுதுகிறேன்.

காலையில் அம்மாவுக்கு இட்லி வைத்துவிட்டு உட்கார்வேன். போனில் பாடம், பழைய லேப்டாப்பில் பயிற்சி. பாடம் எடுக்கும் ஆள் பயங்கர வேகம், அதுவும் ஆங்கிலம். ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்துவேன். அவரும் வாயைத் திறந்தபடி நிற்பார். புரிந்ததும் மறுபடி ஓடவிடுவேன். பைத்தான் மொழி பாதி முடிந்தது. அதில் வரிசையில் நிற்கும் முதல் ஆளை ஏன் பூஜ்ஜியம் என்று கூப்பிட வேண்டும் என்று மட்டும் எனக்கு இன்னும் கோபம். எங்கள் லைனில் முதல் சீட் ஒன்றாம் சீட். அதில் உட்கார்ந்த ரோசம்மாளை யாராவது பூஜ்ஜியம் என்று கூப்பிட்டிருந்தால் கன்னம் பழுத்திருக்கும்.

மற்றபடி வேலை சுத்தம். எழுதியது தப்பென்றால் திரையில் சிவப்பு எழுத்து வருகிறது அல்லவா, வந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் எழுத்திலிருந்து மறுபடி அடிக்கிறேன். சிவப்பு வராமல் ஓடும்வரை விடுவதில்லை. பெரிய நிரல் என்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. நீங்களெல்லாம் இதை வேகமாகச் செய்வீர்கள். எனக்கும் வேகம் வரும்.

சாராள்

*

ஹைதராபாத்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சிரிக்கவில்லை. முதலில் அதை நம்பு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு பால்கனியில் போய் நின்றுவிட்டேன்.

அக்கா, யாரும் அழிப்பதில்லை. நான் அழிப்பதில்லை, எங்கள் ஆபீஸில் யாரும் அழிப்பதில்லை, அந்தப் பாடம் எடுக்கும் வேகக்காரரும் அழிப்பதில்லை. அந்தச் சிவப்பு எழுத்து உன்னைத் திட்டவில்லை. எந்த வரியில், எதனால் ஓடவில்லை என்று அது சொல்கிறது. அந்த வரிக்குப் போய் அங்கேயே திருத்தினால் போதும். பெரும்பாலும் ஒரு முக்காற்புள்ளிதான் விட்டுப்போயிருக்கும். அதற்காக நீ நாள் முழுக்க மறுபடி மறுபடி அடித்திருக்கிறாயே. இத்தனை மாதமாக!

பிளாக்கை எடு. ஒரே ஒரு தடவை காட்டுகிறேன்.

ஷைனி

*

கும்மிடிப்பூண்டி
11 மே 2024

ஷைனிக்கு,

உன் கடிதத்தில் "இத்தனை மாதமாக!" என்று ஒரு ஆச்சரியக்குறி போட்டிருந்தாய். அதை என் மேல் எறிந்த கல்லாகவே எடுத்துக்கொண்டேன்.

நீ ஏசி ரூமில் வேலை கற்றவள். நான் லைனில் கற்றவள். எங்கள் லைனில் என்ன சட்டம் தெரியுமா? உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ ஒருநாளும் கேட்டதில்லை. கார் ஒயர் நுனியில் இருக்கும் பின் சரியாக உட்காரவில்லை என்றால் அந்த ஒயர்க்கட்டு முழுவதையும் சிவப்பு டிரேயில் போட்டுவிட வேண்டும். அதற்குப்பின் அதைத் தொடக்கூடாது. புதுசு எடுத்து முதலிலிருந்து கட்ட வேண்டும். நந்தினி என்று ஒரு பெண், நல்ல கைக்காரி, வளைந்த பின்னை நகத்தால் நிமிர்த்தி உள்ளே தள்ளிவிட்டாள். அது ஓடும் வண்டியில் கழன்று, அந்த லாட் சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. அத்தனை பேர் நடுவில் அவளை நிற்கவைத்துப் பேசிய பேச்சை நான் கேட்டேன். சூப்பர்வைசர் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது: "செவப்புல போட்டத தொடாதன்னா தொடாத! உன்ன எவன் டாக்டர் வேல பாக்க சொன்னது?"

இருபத்தொன்பது வருஷம் அப்படித்தான் வேலை செய்தேன். ஒரு பீஸ்கூட என் பெயரில் திரும்பி வந்ததில்லை. அதனால் சிவப்பைக் கண்டால் என் கை தானாக அழிக்கிறது. அழித்து எழுதினால் சுத்தமாக வருகிறது. ஒட்டுப்போட்டது ஒட்டுப்போட்டதுதான்.

என் வழி எனக்கு. உன் ஆச்சரியக்குறி உனக்கு.

சாராள்

*

கும்மிடிப்பூண்டி
4 அக்டோபர் 2024

ஷைனிக்கு,

ஐந்து மாதமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. அம்மா, "ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த பாறாங்கல்லு" என்கிறது.

போன வாரம் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே தேர்வு எழுதினேன். கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும், நேரம் குறித்து வைத்திருப்பார்கள். கேள்வி எனக்குத் தெரிந்த கேள்விதான். முக்கால்வாசி எழுதி ஓடவிட்டேன். சிவப்பு வந்தது.

பிறகு நேரம் முடிந்துவிட்டது.

ஒரு விஷயம் கேட்கிறேன். இது உதவி கேட்பது அல்ல, தகவல் கேட்பது. ஸ்டேஷனில் யாரிடமாவது பொன்னேரி வண்டி எந்த பிளாட்பாரம் என்று கேட்பதில்லையா, அதுபோல. அந்தச் சிவப்பு எழுத்தை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்க வேண்டும்? மேலிருந்தா, கீழிருந்தா?

போனில் அல்ல. எழுதி அனுப்பு.

சாராள்

*

ஹைதராபாத்
15 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கீழிருந்து. கடைசி வரியை முதலில் படி. என்ன நோய் என்று கடைசி வரி சொல்லும். அதற்கு மேல் இருக்கும் வரி, உடம்பில் எந்த இடம் என்று சொல்லும். அவ்வளவுதான். சூப்பர்வைசர் வேண்டாம் என்றாலும் இந்த வேலையில் நாமெல்லாம் டாக்டர்தான்.

உதாரணம் ஒன்று. பட்டியலில் இருப்பது ஐந்து பேர். நீ ஐந்தாம் நம்பரைக் கூப்பிடுகிறாய். எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதால் கடைசி ஆளின் நம்பர் நான்கு. ஐந்தாம் நம்பரில் யாருமே இல்லை. கம்ப்யூட்டர் அதைத்தான் சிவப்பில் சொல்லும்: இல்லாத ஆளைக் கூப்பிடுகிறாய் என்று. ரோசம்மாளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

அக்கா, அந்த ஐந்து மாதம் நான் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. மே கடைசியில் எங்கள் டீமையே எடுத்துவிட்டார்கள். ஒரு மெயில் வந்தது, மதியத்துக்குள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஜோஷ்வாவுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் தினமும் ஆபீஸிலிருந்து பேசுவதுபோல்தான் பேசுகிறேன். இரண்டு இன்டர்வியூ போனேன், இரண்டிலும் கை நடுங்கியது. பதிநான்கு வருஷம் வேலை பார்த்தவளுக்கு எளிய கேள்வி மறந்துபோகிறது.

இதை உன்னிடம் ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை. அன்றைக்கு உன்னைப் பார்த்துச் சிரித்த வாய் இது. நீ சிரித்துக்கொள்.

ஷைனி

*

கும்மிடிப்பூண்டி
19 அக்டோபர் 2024

ஷைனி,

சிரிக்க நேரமில்லை. தபால் வண்டி கிளம்புவதற்குள் இதைப் போட வேண்டும்.

முதலில் ஒன்று தெரிந்துகொள். உன்னை அனுப்பியது உன் வேலை சரியில்லை என்பதற்காக இல்லை. எங்கள் லைனை எடுத்தபோதும் அப்படித்தான். அன்றைக்குக் காலை வரை நாங்கள் கட்டியதில் ஒரு குறை கிடையாது. சிவப்பு டிரேயில் கிடப்பதால் மட்டும் ஒரு பீஸ் கெட்டதாகிவிடாது என்று அன்றைக்குத்தான் எனக்கு முதல்முறையாகத் தோன்றியது. இன்றைக்குத்தான் அதைச் சொல்ல ஆள் கிடைத்திருக்கிறது.

இரண்டாவது, கை நடுங்கினால் கைக்கு வேலை கொடு. நீ ஒரு நிரலை அச்செடுத்து, அதில் வேண்டுமென்றே ஒரு தப்பை ஒளித்து எனக்குத் தபாலில் அனுப்பு. நான் கண்ணாலேயே தேடி, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். தாளில் என்னால் அழிக்க முடியாது பார், அதுதான் வசதி. நானும் என் பங்குக்கு ஒன்று அனுப்புவேன். நீ கண்டுபிடி. இதுவும் உதவி அல்ல. இருவருக்கும் பயிற்சி.

அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. ஆனால் நேற்று உன்னோடு பேசிவிட்டு, "இன்னாடி இவ ஆபீஸ்ல குக்கர் விசிலு அடிக்குது" என்று என்னைக் கேட்டது. பார்த்துக்கொள்.

பழவேற்காட்டு இறால் ஊறுகாய் தனியாகப் பார்சலில் வருகிறது. அம்மா போட்டது. நான் கிளறினேன்.

போன் பேச்சு கிடையாது. சொன்ன சொல் சொன்ன சொல்தான்.

அக்கா

*

ஹைதராபாத்
8 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வேலை கிடைத்துவிட்டது! முந்தையதைவிடச் சின்ன கம்பெனி, ஆனால் மனிதர்கள் நல்லவர்களாகத் தெரிகிறார்கள். இன்டர்வியூவில் ஒரு தப்பு வந்தது, கை நடுங்கவில்லை. நீ அனுப்பும் தப்புகளைப் பார்த்தபின் அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுமில்லை. ஜனவரியில் அனுப்பினாயே, ஒரே மாதிரி இரண்டு பெயர் வைத்து, ஒன்றில் மட்டும் m எழுத்துக்கு ஒரு கால் குறைத்து n ஆக்கி, அதை நான் மூன்று நாள் கண்டுபிடிக்கவில்லை. ஜோஷ்வா, "உங்க அக்கா கிரிமினல்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கணக்கு வைக்க நீ எழுதிய நிரலை இரண்டுமுறை படித்தேன். ஏலம் எடுத்த பூசணிக்காயை எடுத்தவரே கோயிலுக்குத் திருப்பிக் கொடுப்பதும், அதையே மறுபடி ஏலம் விடுவதும் நம் ஊர் வழக்கம். அதனால் ஒரு பொருளுக்கு ஒரே விலை என்று எழுத முடியாது, ஒவ்வொரு கைமாற்றமும் தனித்தனியாக நிற்க வேண்டும் என்று யோசித்து எழுதியிருக்கிறாய் பார், அது பாடத்தில் வராது. இன்டர்வியூ போகும்போது அதைக் காட்டு. தயவுசெய்து காட்டு.

நான் சொல்வது அறிவுரை அல்ல. தகவல்.

ஷைனி

*

கும்மிடிப்பூண்டி
15 ஜூலை 2025

ஷைனி,

நேற்று அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு நேரில் போனேன். தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட், வருகைப் பதிவு மென்பொருள் செய்கிறவர்கள். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறி, வேர்த்துக் கொட்டிப் போய் நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் என் சேலையைப் பார்த்துவிட்டு, "பேரண்ட்ஸ் அந்தாண்ட சேர்ல வெய்ட் பண்ணுங்க ஆன்ட்டி" என்றாள்.

"நான் யாருக்கும் பேரண்ட் இல்லம்மா. என் பேர் சாராள். டெஸ்ட் எழுத வந்துகீறேன்" என்றேன். சுற்றி இருந்த பிள்ளைகளெல்லாம் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். முதலில் எழுத்துத் தேர்வு, நன்றாகவே எழுதினேன். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

அன்புசெல்வன் என்று ஒருவர், தலைமைப் பொறியாளர். உன் வயதுதான் இருக்கும். ஏல நிரலைக் காட்டினேன். பூசணிக்காய்க் கதையைக் கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு குத்தவில்லை. பிறகு அவர்கள் ஆள் யாரோ எழுதிய நிரல் ஒன்றைத் திரையில் போட்டு, "இது ஓட மாட்டேங்குது, பாருங்க மேடம்" என்றார். ஓடவிட்டேன். பொலபொலவென்று திரை முழுக்கச் சிவப்பு.

ஷைனி, என் கை தானாகப் போய்விட்டது. நான் போகச் சொல்லவில்லை. எல்லா வரியும் தேர்வாகித் திரை நீலமாகிவிட்டது. அழிக்க இன்னும் ஒரு பட்டன்தான். அது நான் எழுதியதுகூட இல்லை, வேறொருவருடைய உழைப்பு. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உன் கோணல் கையெழுத்து கண் முன்னால் வந்தது. கீழிருந்து படி, கடைசி வரியை முதலில் படி. படித்தேன். இல்லாத ஆளைக் கூப்பிடுகிற அதே நோய்தான். அந்த இடத்துக்குப் போய் ஒரே ஒரு இடத்தில் திருத்தினேன். மறுபடி ஓடவிட்டேன். ஓடியது.

அவர் நீலத்தைக் கவனித்திருந்தார். "ஏன் மேடம் எல்லாத்தையும் செலக்ட் பண்ணீங்க?" என்று கேட்டார். சிவப்பு டிரேயைச் சொன்னேன். நந்தினியைச் சொன்னேன்.

இனிமேல்தான் நீ திட்டப் போவது. உள்ளே போய் யாரிடமோ கேட்டு வந்தவர், டேட்டா என்ட்ரியில் ஒரு இடம் இருக்கிறது, நாளைக்கே சேரலாம் என்றார். நான் எழுந்துவிட்டேன். "சார், நான் வந்தது சாப்ட்வேர் இன்ஜினியர் வேலைக்கு. டெஸ்ட் வெச்சது அதுக்கு. நான் எழுதினதும் அதுக்கு. ஆர்டர்ல அத்த போட்டா வரேன். இல்லன்னா வாணாம்." சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அம்மா நேற்றிலிருந்து பேசவில்லை. இன்று காலை மட்டும் சுவரைப் பார்த்து, "வந்த லச்சுமிய வாணாம்னு தொரத்திட்டு வந்துகீறா மகாராணி" என்றது. கிறிஸ்தவ வீட்டில் லட்சுமி எங்கிருந்து வந்தாள் என்று கேட்டேன். தட்டு பறந்து வந்தது.

அக்கா

*

ஹைதராபாத்
21 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன். பாதி எழுதிக் கிழித்துப்போட்டேன். கிழித்தபின்தான் யோசித்தேன், நானும் அழிக்கிறேனே என்று. அதனால் இதில் வரும் தப்பெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

அந்த டேட்டா என்ட்ரி வேலையை எடுத்திருக்கலாம். உள்ளே போய்விட்டால் மேலே போகலாம். நானாக இருந்தால் எடுத்திருப்பேன். வேறு கம்பெனி எப்போது கூப்பிடும் என்று யாருக்குத் தெரியும்? போகப் போக வயதை இன்னும் பெரிதாகப் பார்ப்பார்கள். எனக்கு பயமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. அபார்ட்மென்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வா என்று நான் சொன்னேனே, அதுவும் இதே மாதிரி கொடுத்த நாற்காலிதான் இல்லையா? கொடுத்ததில் உட்கார்ந்துகொள் என்பது. நீ எழுந்ததைப் படித்தபோது பயத்தோடு கூடவே எனக்கு விசில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

உன் ஆர்டர் வந்துவிட்டால், நீ எனக்காகச் செய்ததை மைக்கில் சொல்ல வேண்டிய அவசியமே வராது அக்கா. அப்போது நானே மைக்கை வாங்கி உன் பெயரைச் சொல்வேன்.

இத்துடன் ஒரு நிரல் இருக்கிறது. ஒரு தப்பு ஒளித்திருக்கிறேன். இந்தமுறை நீ கண்டுபிடிக்க மாட்டாய்.

ஷைனி

*

கும்மிடிப்பூண்டி
2 ஆகஸ்ட் 2025

ஷைனி,

வந்துவிட்டது.

நேற்று மெயிலில் வந்தது. நான் நம்பவில்லை. பஜாரில் பிரின்ட் எடுத்துக் கையில் பிடித்தபின் நம்பினேன். என் பெயர், அதன் கீழே சாப்ட்வேர் இன்ஜினியர். வேறு எந்தச் சொல்லும் முன்னால் இல்லை. அன்புசெல்வன் போனில் பேசினார். "மேடம், உள்ள பெரிய சண்ட போட்டேன் உங்களுக்காக" என்றார். "சண்ட எனக்காக இல்ல சார், டெஸ்டுக்காக. அத்த நான்தான் பாஸ் பண்ணேன்" என்றேன். "தெரியும் மேடம், தெரியும்" என்று சிரித்தார். அந்த ஆளோடு வேலை பார்க்கலாம்.

அம்மா பிரின்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தது. பிறகு தெருவுக்குப் போய், "எம் பொண்ணு இன்ஜினீரு ஆயிட்சி" என்று கத்தியது. எதிர் வீட்டு அக்கா, "உன் பொண்ணு அப்பவே ஐதராபாத்ல இன்ஜினீருதான?" என்று கேட்டார். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அது சின்னது. இது பெருசு" என்றது. சாயந்திரத்துக்குள் பழைய லைன் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நந்தினி என் விரல்களைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரோசம்மாள் கேசரி கிண்டினாள். அவளைப் பூஜ்ஜியம் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அடித்தாள். சிரித்துக்கொண்டே அடித்தாள். நந்தினியும் இன்னும் இரண்டு பேரும் திங்கட்கிழமையிலிருந்து படிக்க வருகிறார்கள். நான் பாடம் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தானாகப் படிக்க வேண்டும். சிவப்பு வந்தால் அழிக்கக்கூடாது என்பதை மட்டும் சொல்வேன்.

உன் கல்யாணத்தில் மைக் பிடித்ததைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆனால் இனிமேல் பிடிக்க மாட்டேன். எனக்குச் சொல்லிக்கொள்ள என்னுடையதே ஒன்று இருக்கிறது.

பிளாக்கை எடுத்துவிட்டேன். நீ கூப்பிடாதே. மூத்தவள் நான்தான் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும். மீட்டிங் என்று சொன்னால் மறுபடி பிளாக்.

அக்கா

*

ஹைதராபாத்
11 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு போன் செய்தவள் முதல் வார்த்தையாக என்ன சொல்வாள் என்று நேற்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். சர்ச்சுக்குக்கூடப் போகவில்லை. "இன்னாடி, எடுக்க இவ்ளோ நேரம்?" என்றாய். போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதேன். நீயும் அழுதாய், ஒத்துக்கொள்ள மாட்டாய். பின்னால் குக்கர் விசில் என்றாய். குக்கருக்கு மூக்கு உறிஞ்சத் தெரியாது அக்கா.

போன் வந்துவிட்டதென்று கடிதத்தை நிறுத்திவிடாதே. போனில் நீ இவ்வளவு அழகாகத் திட்டுவதில்லை.

போனமுறை அனுப்பிய நிரலுக்கு இன்னும் பதில் வரவில்லை. முடியவில்லை என்றால் ஒத்துக்கொள். நான் சிரிக்க மாட்டேன்.

ஷைனி

*

அம்பத்தூர், அலுவலகத்திலிருந்து
19 ஆகஸ்ட் 2025

ஷைனிக்கு,

பதினோராவது வரி. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கண்டுபிடித்துவிட்டேன். அந்த இடத்திலேயே திருத்தியிருக்கிறேன். மற்ற வரிகள் நீ எழுதியபடியே இருக்கின்றன.

அடுத்ததைக் கொஞ்சம் கஷ்டமாக அனுப்பு.

உன் அக்கா,
சாராள் சாம்சன்
சாப்ட்வேர் இன்ஜினியர்